சூசை மாமாவின் ஸ்பானிஷ் பாட்டுகள்

சூசை மாமா இறந்துவிட்டார் என்று அப்பா பள்ளிக்கே வந்து சொன்னபோது நான் நூலகத்தில் இருந்தேன். அழுகை வருவதற்கு முன்பு அவருடைய சிரிப்புதான் என் காதில் கேட்டது. அவருக்காக இங்கே கூடியிருக்கும் நீங்கள் இதை நம்புவீர்கள்.

நம் தேவாலயப் பங்கில் எல்லோருக்கும் அவர் 'போர்வெல் சூசை'. பெரு நாட்டில் ஏழு வருடம் ஆழ்துளைக் கிணறு தோண்டிவிட்டு, ஒரு கிதாரோடும் நிறைய ஸ்பானிஷோடும் சேலத்துக்குத் திரும்பியவர். சென்ற வருடம் ஸ்பானிஷிலேயே ஆறு பாட்டுகள் எழுதி ஓர் ஆல்பம் செய்தார். அதில் ஒன்று ஜேடர்பாளையத்து மீன் வறுவலைப் பற்றியது. கோரஸ் பாட என்னையும் என் தோழி கவிதாவையும் அழைத்தார். நான் அகராதி பார்த்து ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதிக்கொண்டு போனேன்.

"நோட்ட மூடு சாமி. மொதல்ல கால் கேக்கட்டும். காது அப்புறமாக் கேட்டுக்கும்" என்றார்.

பதிவு அவர் வீட்டு மாடி அறையில் நடந்தது. எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுவதும் முட்டை அட்டைகளைக் கட்டினார். எல்லாம் சேந்தமங்கலத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் பழனியம்மாள் அக்கா இரவல் கொடுத்த பழைய அட்டைகள். இரண்டாவது பாட்டிலேயே கோழிப்பேன் எங்கள் கழுத்தில் ஏறிவிட்டது. நெளிந்துகொண்டே பாடினோம்.

"இப்பத்தான் தாளம் சரியா வருது! யாரும் சொறியாதீங்க!" என்று தன் முதுகைச் சொறிந்துகொண்டே கத்தினார். அந்தப் பதிவுதான் ஆல்பத்தில் இருக்கிறது.

வெளியீட்டு விழாவில் அவருக்கு ஒரே ஆசைதான். யாராவது ஒருவர் எழுந்து ஆட வேண்டும். நாம் என்ன செய்தோம்? பங்கு மண்டபத்தில் கைகட்டி உட்கார்ந்து, பிரசங்கம் கேட்பதுபோலக் கேட்டோம். மீன் வறுவல் பாட்டு முடிந்ததும் ஒரு பெரியவர், "ரொம்ப உருக்கமா இருந்துச்சு சூசை" என்றார். மாமா சிரித்துவைத்தார். ஆனால் அன்று பிரியாணியைத் தொடவில்லை.

அடுத்த வாரம் அட்டைகளைத் திருப்பிக் கொடுக்கப் பண்ணைக்குப் போனோம். அக்கா கேட்டதற்காக மாமா தன் வண்டியிலேயே பாட்டைப் போட்டார். முட்டை அடுக்கிக்கொண்டிருந்த பெண்களின் தலை அசைந்தது. பிறகு தோள். பிறகு கால். ஓர் அட்டை முட்டை சொத்தென்று கீழே விழுந்தது.

"ஏனுங்கண்ணா, பாட்ட நிறுத்துங்க! இவளுக ஆடி ஆடி முட்டையெல்லாம் ஒடையுது!"

"இன்னொருக்கா சொல்லுங்க."

"ஒடையுதுங்கறேன்! அதுல உங்களுக்கு என்னங்க அத்தன சந்தோசம்?"

மாமா சத்தத்தைக் கூட்டினார். திட்டிய அக்காவே கடைசியில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட வந்தார். என்னையும் கையைப் பிடித்து இழுத்தார். நானும் ஆடினேன். திரும்பும் வழியெல்லாம் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.

"இதுக்கு மேல ஒரு விமர்சனம் வேணுமா சாமி?" என்றார்.

பள்ளி விழாக்களில் எப்போதும் கடைசி வரிசையில் புத்தகத்தோடு உட்காருபவள் நான். இந்த வருடம் ஆண்டு விழா நடனத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். மாமாவிடமிருந்து எனக்கு வந்தது அதுதான். எங்கே நிற்கிறாய் என்று ஆசிரியை கேட்டார். முன்வரிசையில் என்றேன்.