நாற்பது பேருக்கு வைத்த ஞாபகப் பரீட்சை

மனோதத்துவம் என்று ஒரு பாடம் இருக்கிறது, அதில் ஆனர்ஸ் சேரப் போகிறேன் என்று வீட்டில் சொன்ன அன்று, அப்பா சோற்றுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"மனசு எங்கே இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டாங்களா, இல்லே நீதான் கண்டுபிடிக்கப் போறியா?"

"அதைத்தாம்ப்பா படிக்கப் போறேன்."

"படி. ஒரு வருஷம் படி. அந்த வகுப்புல நிக்க முடியலேன்னு வெச்சுக்கோ, துறைமுக ஆபீஸ்ல என் பக்கத்து நாற்காலி காலியா இருக்கு. துரைகிட்டே சொல்லி வெச்சிருக்கேன்."

அந்த நாற்காலியை நான் பார்த்திருக்கிறேன். அதில் கடைசியாக உட்கார்ந்தவர் முப்பது வருஷம் கழித்துத்தான் எழுந்திருந்தார், அதுவும் பென்ஷன் காகிதம் வந்து எழுப்பியதால். நானோ ஒரு இடத்தில் பத்து நிமிஷம் தொடர்ந்து உட்காராதவன். ஆகவே ஆனர்ஸ் வகுப்பில் நிற்பது எனக்கு அறிவுப் பசி மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினை.

ரங்கூனில் பல்கலைக்கழகம் அப்போது புத்தம் புதுசு. மனோதத்துவம், சமூக சாஸ்திரம் இரண்டையும் தத்துவப் பாடத்தின் வாலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டுக்கும் ஒரே விரிவுரையாளர், வங்காளி. சிரிக்க மாட்டார் என்று சொல்ல முடியாது; சிரித்துப் பார்த்தவர் இல்லை. நாங்கள் எழுதிக் கொடுக்கும் எந்தக் கட்டுரையிலும் பக்கத்துக்கு நாலு இடத்தில் சிவப்பு மையால் "எப்படித் தெரியும்?" என்று எழுதித் திருப்பித் தருவார். எனக்கு மட்டும் பக்கத்துக்கு ஏழு.

இரண்டாவது பருவத்தில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். ஆனர்ஸ் மாணவர் ஒவ்வொருவரும் தாமே ஒரு சோதனை நடத்திக் கட்டுரை தர வேண்டும். ஏற்றுக்கொண்டால் வகுப்பில் இடம். இல்லாவிட்டால் சாதாரண பி.ஏ. எனக்கு அதன் பொருள், அப்பா பக்கத்துப் பிரம்பு நாற்காலி.

மற்றவர்கள் விடுதி அறைத் தோழர்களைப் பிடித்து உட்கார வைத்துச் சோதனையை முடித்துவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. புத்தகத்தில் உள்ள சோதனைகள் எல்லாமே மாணவர்கள் மேல் நடந்தவை. உலகத்தில் மாணவனைத் தவிர வேறு யாருக்கும் மனசே கிடையாதா? எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் ஞாபக சக்தியை அளக்கப் போகிறேன் என்று எழுந்து நின்று அறிவித்துவிட்டேன். அறிவித்த பிறகுதான் எப்படி என்று யோசித்தேன்.

முறை எளியது. அர்த்தமில்லாத பத்துச் சொற்களை ஒரு தடவை வாசித்துக் காட்ட வேண்டும். கேட்டவர் எத்தனையைத் திருப்பிச் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அர்த்தமுள்ள சொல் என்றால் ஏற்கெனவே தெரிந்ததெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். அர்த்தமில்லாததுதான் சுத்தமான ஞாபகம். ஆனால் தமிழில் அர்த்தமில்லாத சொல் தேடிப் பாருங்கள், தலை சுற்றும். ஒரே எழுத்தை உச்சரித்தால்கூடப் பூ, தீ, கை, பை என்று ஏதாவது வந்து நிற்கும். இரண்டு நாள் மல்லுக்கட்டி ஒரு பட்டியல் செய்தேன். அதை என் பக்கத்து பெஞ்சு பர்மியத் தோழனிடம் வாசித்துக் காட்டினேன். ஐந்தாவது சொல்லில் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பர்மிய பாஷையில் அதற்கு அர்த்தம் உண்டாம். மாணவிகள் இருக்கும் அறையில் சொல்லக் கூடாதாம். அதை மாற்றினேன். கடைசியில் தேறியவை இவை: தேபு, ஞாமி, கூஞி, ரோபி, நேவு, ஜீழு, பேகி, மோஞி, டோழு, லாதி.

ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பேட்டைப் பக்கம், ரயில் பாதையை ஒட்டி, துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குகிற நம் ஆட்கள் தங்கும் பாராக்கு ஒன்று இருந்தது. ஒரே கப்பலில் வந்து, ஒரே மேஸ்திரியின் கீழ் வேலை செய்யும் நாற்பது பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவின் பழைய கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, கல்லூரியில் இரவல் வாங்கிய நொடி காட்டும் கடிகாரத்தோடு அங்கே போய் நின்றேன்.

"என்ன தம்பி வேணும்?" என்றார் மேஸ்திரி.

"உங்க ஆளுங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை வைக்கணும்."

மேஸ்திரி என் கோட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். உடனே தம்பி போய்ச் சயா வந்துவிட்டது. பர்மாவில் வாத்தியாரும் சயாதான், வைத்தியரும் சயாதான். மரியாதைக்குரிய எவரும் சயாதான்.

"எத்தினி பேர் வேணும், சயா?"

"நாற்பது பேரும் வேணும்."

அவர் முகம் மலர்ந்தது. ஏன் மலர்ந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். மனோதத்துவ மாணவன் கேட்கவில்லை.

அன்று பத்துப் பேரைத்தான் பார்க்க முடிந்தது. குழாயடிக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். முதலில் வந்தவர் நடுத்தர வயது, ஒல்லி. வலது தோளில் வேட்டித் துண்டைச் சுருட்டிக் கட்டுப் போட்டிருந்தார். பத்தையும் வாசித்தேன்.

"இது எந்த ஊர் பாஷை, சயா?"

"எந்த ஊர் பாஷையும் இல்லே."

"அப்ப யாருக்குப் புரியும்?"

"யாருக்கும் புரியாது."

"ஓ, கவர்மெண்டு காயிதம் மாதிரி" என்றார். அவர் சொன்னது நாலு சொல். மற்றவர்களும் மூன்று, நாலு, அதிகம் போனால் ஐந்து. புத்தகத்தில் மாணவர்களுக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவு. சப்பென்று இருந்தது எனக்கு.

அடுத்த ஞாயிறு மீதி முப்பது பேர். முதல் ஆள் பத்தும் சொன்னார். இரண்டாவது ஆளும் பத்து. மூன்றாவது, நாலாவது... முப்பது பேரும் பத்துக்குப் பத்து! போன வாரம் நாலு சொன்ன தோள் கட்டுக்காரரையும் மற்ற ஒன்பது பேரையும் திரும்பக் கூப்பிட்டேன். அவர்களும் பத்து. சிலர் நான் வாசித்து முடிக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். ஆர்வம் என்று குறித்துக்கொண்டேன். எல்லோரும் ஆறாவது சொல்லையும் ஏழாவது சொல்லையும் மட்டும் இடம் மாற்றிச் சொன்னார்கள், பேகி முதலில், ஜீழு பிறகு. அதற்கும் அடிக்குறிப்பில் ஒரு தனித் தத்துவம் எழுதினேன்.

கட்டுரை இருபத்திரண்டு பக்கம் வந்தது. எழுத்து என்பதே மனிதனின் ஞாபகத்தைக் கெடுக்க வந்த நோய் என்று முடித்திருந்தேன்.

இரண்டு நாளில் விரிவுரையாளர் தம் அறைக்குக் கூப்பிட்டார். அவர் பேசியது இங்கிலீஷ், தமிழில் சொல்கிறேன்.

"நாற்பது பேர். நாற்பது பேரும் பத்துச் சொல். சரிதானே?"

"ஆமாம் சார்!" என்றேன், பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக.

"நாற்பது பேரும் ஒரே இடத்தில் ஒரே தவறு. சரிதானே?"

"ஆமாம் சார்."

"நாற்பது மனிதர்கள் ஒரே தவறைச் செய்ய மாட்டார்கள். விடுதியில் உட்கார்ந்து கணக்கெழுதும் ஒரு மாணவன் ஒரே தவறை நாற்பது தடவை பிரதி எடுப்பான்."

பொய் சொன்னவன் என்கிறார்! நான் அவசரக்காரன், அரைகுறை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொய்யன் இல்லை. "நீங்களே வந்து கேளுங்கள் சார், இப்போதே வாருங்கள்" என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். வியாழக்கிழமை மத்தியானம் வருவதாகச் சொன்னார். கட்டுரை பொய்யென்று தெரிந்தால் வகுப்பு மட்டும் போகாது, பெயரும் போகும் என்பதையும் அமைதியாகச் சேர்த்துச் சொன்னார்.

வியாழக்கிழமை டிராமில் இறங்கி, அவர்கள் வேலை செய்யும் துறைமுகப் பாலத்தடிக்கு நடந்தோம். அவர் குடை பிடித்து முன்னால், நான் வியர்த்துக்கொண்டு பின்னால். நம் ஆட்கள் பெரிய மரப்பெட்டி ஒன்றைக் கயிறு கட்டி உருளைகளின் மேல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஆலைக்கு வந்த இயந்திரம். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் இழுத்துப் பாடினார்கள்.

"தேபு ஞாமி..."

"ஏலேலோ!"

"கூஞி ரோபி..."

"ஐலசா!"

"நேவு பேகி..."

"ஏலேலோ!"

"ஜீழு மோஞி..."

"ஐலசா!"

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஆற்றில் குதித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. தண்ணீர் அழுக்காக இருந்தது. விரிவுரையாளரும் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தப் பத்துச் சொல்லுக்குத் தமிழ் தேவையில்லை. என் கட்டுரையில் இங்கிலீஷ் எழுத்தில் படித்திருந்தார். குடையை மெதுவாக மடக்கினார்.

மேஸ்திரி எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். விரிவுரையாளருக்குப் பெரிய கும்பிடு போட்டார்.

"கம்பெனிப் பெரியவங்களா? கேட்டீங்கல்ல சயா, ஒருத்தன் விடாம எல்லாருக்கும் பாடம். நாப்பது பேரையும் சேத்துத்தான் எடுக்கணும். ஒண்ணா வந்த கும்பல், பிரிஞ்சு போகமாட்டோம்."

"எங்கே எடுக்கணும்?" என்றேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"ஆத்துக்கு அக்கரையில, சிரியத்துல எண்ணெய் ஆலைக்குத்தானே? வெயில் மழை படாம கூரைக்குக் கீழ வேலைன்னு பேசிக்கிட்டாங்களே."

இழுப்பு நின்றுவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். கோட்டுப் போட்டவன் வந்து கேள்வி கேட்டால் அவர்களுக்கு அது ஆள் எடுக்கிற பரீட்சையாகத்தான் இருக்க முடியும். கப்பலில் ஏறும்போது கேட்டார்கள், இறங்கும்போது டாக்டர் கேட்டார். ஒவ்வொரு தடவையும் மேஸ்திரி முன்கூட்டியே எல்லோருக்கும் பதிலைச் சொல்லிக் கொடுத்துத் தேற வைத்திருக்கிறார். ஒருவன் தவறினால் கும்பல் உடையும். இதையும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

"வேலை எதுவும் இல்லீங்க" என்றேன். "நான் காலேஜ்ல படிக்கிறவன். இது என் பாடத்துக்காகக் கேட்டது. முதல் நாளே சொல்லியிருக்கணும். தப்பு என்மேலதான்."

தோள் கட்டுக்காரர் கயிற்றைக் கீழே போட்டார். "கூரைக்குக் கீழ வேலை இல்லையா, அப்ப?" அவர் தோள் கட்டையே பார்த்துக்கொண்டு, இல்லை என்று தலையசைத்தேன்.

மேஸ்திரிக்குக் கோபம் வந்தது. "நாப்பது பேரை நாக்கு சுளுக்க வெச்சீங்களேய்யா! படிச்ச பிள்ளை செய்யற வேலையா இது? உங்க கோட்டைப் பாத்துத்தானே உள்ளே விட்டேன்?"

"என்ன சொல்கிறார்?" என்றார் விரிவுரையாளர். ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன்.

"திட்டினதையும் சொன்னீங்களா?" என்றார் மேஸ்திரி.

"சொன்னேன்."

"அப்ப சரி" என்று கொஞ்சம் இறங்கினார்.

பின்னாலிருந்து யாரோ, "விடுங்க மேஸ்திரி, பழைய பாட்டு புளிச்சுப் போச்சு, இது நல்லாத்தான் இழுக்குது" என்றார். ஒரு சிரிப்பு கிளம்பியது. தோள் கட்டுக்காரர்கூட உதட்டைச் சுழித்தார்.

திரும்பும்போது டிராமில் விரிவுரையாளர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று நிறுத்தம் பொறுத்தேன். அதற்கு மேல் என்னால் ஆகாது.

"சார், நான் நாற்பது பேரைச் சோதிக்கவே இல்லை. நாற்பது பேரிடமும் ஒரே ஞாபகத்தைத்தான் நாற்பது தடவை கேட்டிருக்கிறேன். ஒரே தவறு வந்தது அதனால்தான்."

அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஒரே ஞாபகம் எப்படி உண்டாயிற்று?"

"தெரியாது சார்."

"திங்கட்கிழமை காலைக்குள் தெரிந்துகொள்ளுங்கள். இருபத்திரண்டு பக்கம் வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை கோட்டு இல்லாமல், கைலியோடு போனேன். லத்தா தெருவில் ஆரஞ்சுப் பழம் ஒரு கூடை வாங்கிக்கொண்டேன். மன்னிப்புக்கு அதைவிடப் பெரியதாக எதுவும் என்னிடம் இல்லை. குழாயடியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, ஒருவர் வாயை ஒருவர் அடக்கிச் சொன்னார்கள்.

முதல் பத்துப் பேருக்கும் ஆளுக்கு ஏறத்தாழ நாலு சொல்தான் நினைவிருந்தது. ஆனால் எல்லோருக்கும் அதே நாலு இல்லை! ஒருவருக்குத் தலை, ஒருவருக்கு வால், ஒருவருக்கு நடுவில் இரண்டு. அந்த முதல் ஞாயிறு சாயங்காலமே உலை கொதிப்பதற்குள் பத்தையும் ஒட்டுப் போட்டுவிட்டார்கள். பிறகு மற்ற முப்பது பேர் மண்டையிலும் ஏற்றுவதற்காக, கயிறு இழுக்கிற பாட்டில் போட்டார்கள்.

"ஜீழுவும் பேகியும் எப்படி மாறிச்சு?" என்றேன்.

எல்லோரும் தோள் கட்டுக்காரரைப் பார்த்தார்கள்.

"இந்த அண்ணன் ஒருத்தர்தான் ஜீழு முதல்லேன்னாரு. நாங்க பத்துப் பேர்ல ஒம்பது பேர் பேகின்னோம். கத்தி உக்கார வெச்சுட்டோம்" என்றார் ஒருவர்.

"அவர் சொன்னதுதான் சரி."

அப்புறம் ஒன்பது பேரையும் முப்பது பேர் சேர்ந்து கேலி செய்த கேலி இருக்கிறதே, ரயில் சத்தம் கேட்கவில்லை. தோள் கட்டுக்காரர் ஆரஞ்சுச் சுளையை நிதானமாக உரித்துச் சாப்பிட்டார்.

ஒன்பது பக்கம் எழுதினேன். திங்கட்கிழமை விரிவுரையாளர் நின்றபடியே படித்தார். சிவப்புப் பேனா இரண்டு இடத்தில்தான் இறங்கியது. படித்து முடித்து, மேஜை டிராயரிலிருந்து ஆனர்ஸ் பட்டியலை எடுத்து, என் பெயருக்கு எதிரில் கையெழுத்துப் போட்டார்.

"ஒன்று விட்டுவிட்டீர்கள்" என்றார். "சரியாகச் சொன்ன அந்த மனிதர், இரண்டாவது ஞாயிறு உங்களிடம் தவறாகச் சொன்னார். தாம் சொன்னது தவறு என்று நம்பிவிட்டாரா, அல்லது நம்பாமலே சொன்னாரா?"

"கேட்கவில்லை சார்."

"வேறு யாரும் இன்னும் கேட்டதாக எனக்கும் தெரியவில்லை" என்றார். உதட்டோரம் லேசாக அசைந்தது. அது சிரிப்புதான் என்று இன்றும் சத்தியம் செய்வேன்.

வகுப்பில் நிலைத்துவிட்டேன் என்று அப்பாவிடம் போய்ச் சொல்லக்கூட எனக்குப் பொறுக்கவில்லை. ஓடுகிற டிராமில் தொத்திக்கொண்டு நேரே துறைமுகம் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். தோள் கட்டுக்காரர் மூட்டைகளின் நிழலில் தனியாக உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்துகொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் மேஸ்திரி எங்கே இருக்கிறார் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கு அன்னைக்கும் ஜீழுதான், இன்னைக்கும் ஜீழுதான்" என்றார் தணிந்த குரலில். "கயிறு பிடிக்கிறப்ப மட்டும் பேகி. நீங்க பாட்டுக்கு அதைப் போய் இவனுங்ககிட்டே சொல்லிடாதீங்க, சயா."