நான் மட்டும் வந்த கிராம சபை

மழைக்கு ஒதுங்கத்தான் அன்று ஊராட்சி அலுவலகத்துக்குள் நுழைந்தேன். உள்ளே கிராம சபைக் கூட்டம். சுண்டல் வாசம் வந்ததால் உட்கார்ந்துவிட்டேன். தேயிலை எஸ்டேட்டில் லீவு தராததால் மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து யாரும் வரவில்லை; கீழே இருப்பவர்களை மழை நிறுத்திவிட்டது. பொதுமக்கள் என்று இருந்தது நான் ஒருவன்தான்.

லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் ரேஷன் கடையைக் கீழே மெயின் ரோட்டுக்கு மாற்றுவதாகத் தலைவர் தீர்மானம் படித்தார்.

“ஏனுங்க, சம்மதம்னா கையத் தூக்குங்க. முடிச்சுட்டுப் போயிரலாம்.”

கடை என் வீட்டு வாசலுக்கே வரப்போகிறது. கை பாதி உயரம் போய்விட்டது. அப்போதுதான், கொழுந்து பறித்த களைப்போடு அரிசியைச் சுமந்து மேடேறப் போகிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். தூக்கிய கையை இறக்கிவிட்டேன்.

“வேண்டாமுங்க. எதிர்க்கிறோம்.”

“யாரெல்லாமுங்க?”

காலி நாற்காலிகளைச் சுற்றிப் பார்த்தேன்.

“எல்லாருந்தானுங்க.”

தலைவர் சிரித்துவிட்டார். “செரி, அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாமுங்க.”

மூடுபனியில் தனியாக வீட்டுக்கு நடந்தேன். மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த யாருக்கும் இது தெரியாது. எதையும் வேடிக்கையாக்கி நாலு பேரிடம் சொல்கிற எனக்கு, அன்று சொல்ல வாய் வரவில்லை. அந்த நாற்காலிகளில் இன்னொருவர் இருந்திருக்கலாம், என்னை எதிர்த்துப் பேசவாவது.