வாப்பாவுக்குக் கிடைக்காத மேன்முறையீட்டுக் கதிரை

அருளாளன் அல்லாஹ்வின் பெயரால் எழுதத் தொடங்குகிறேன். எங்கள் வாப்பா மறைந்து ஓராண்டாகிறது. அவர்கள் நினைவாக ஓதும் இன்றைய கத்தத்துக்கு வந்திருக்கும் உறவினரும் நண்பர்களும் இந்த நினைவு மலரில் ஒரு நல்ல மனிதரின் வரலாற்றை எதிர்பார்ப்பீர்கள். அது இருக்கிறது. கூடவே என் கோபமும் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாப்பா மருதமுனையில் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்தார்கள். இளமையிலேயே தகப்பனை இழந்து, தம்பியைத் தாமே வளர்த்து ஆளாக்கினார்கள். அந்தத் தம்பிதான் எங்கள் சாச்சா. தென்னிலங்கை மதரசாவில் ஓதிப் பட்டம் பெற்ற வாப்பா, பிறகு கல்முனையில் புரொக்டர் எனப்படும் வழக்கறிஞர் ஒருவரிடம் எழுதுவினைஞராக இருந்து நாட்டுச் சட்டமும் கற்றார்கள். ஊர் கேட்டுக்கொண்டதால், முஸ்லிம் விவாக வழக்குகளைத் தீர்க்கும் காதியானார்கள்.

விவாக வழக்கென்றால் பெண்ணுக்காக அவள் தகப்பனோ, மூத்த சகோதரனான காக்காவோ பேசுவதுதான் இங்கே வழக்கம். வாப்பா அதை ஏற்கவில்லை. அவளைத் திரைக்குப் பின்னால் இருத்தி, "நீங்க சும்மா இரிங்க. புள்ள, நீ சொல்லு" என்பார்கள். அவர்களுடைய தீர்ப்பு மேன்முறையீட்டுக்குப் போய் ஒன்றுகூட மாறியதில்லை. ஆகவே, காதிமாரின் தீர்ப்புகளை மீள விசாரிக்கும் சபையில் ஒரு கதிரை, ஓர் உறுப்பினரின் இடம், வெறுமையானபோது வாப்பாவை விண்ணப்பிக்கச் சொன்னவர்கள் பலர். முதல் ஆள் சாச்சா.

"கிழக்குக்கும் ஒரு கதிரை வேணும் காக்கா. நம்மட குடிட சார்பில நான் கதைக்கிறன்" என்று எங்கள் வீட்டில் சோறு தின்றுகொண்டே சொன்னார்.

வாப்பாவின் தகுதியைப் பற்றி விசாரிக்க ஓர் அதிகாரி பள்ளிவாசலுக்கு வந்தார். எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றி அவருடைய தாய்வழிக் குடிக்குப் பள்ளிவாசலில் தலைவரான மரைக்கார்தான் முதலில் பேச வேண்டும். அவர் பேசாமல் மற்றக் குடி மரைக்கார்மார் வாய் திறந்தால் அது அந்தக் குடிக்கே அவமரியாதை. வாப்பாவின் குடிக்கு மரைக்கார் சாச்சா.

தன் தகுதியைப் பிறர் சொல்லத் தானே கேட்டுக்கொண்டிருப்பது அழகல்ல என்று வாப்பா வரவில்லை. நான் போயிருந்தேன். அதிகாரி கேட்டார். சாச்சா தொப்பியைச் சரிசெய்தார், பாயைப் பார்த்தார், பேசவே இல்லை. மற்றவர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேநீர் வந்தது. அதிகாரி குடித்துவிட்டு எழும்பிப் போனார்.

காரணம் ஊருக்கே தெரியும். வாப்பாவின் குடியைச் சேர்ந்த பெரும் வயற்காரரான போடியார் ஒருவர் மனைவியை விலக்கியபோது, பெண் வீட்டில் சீதனப் பணமாக வாங்கிய கைக்கூலியைத் திருப்பிக் கொடுக்குமாறு வாப்பா தீர்த்திருந்தார்கள். சொந்தக் குடியைச் சேர்ந்தவனையே காதி கைவிட்டுவிட்டதாகப் போடியார் சொல்லித் திரிந்தார். சாச்சா குத்தகைக்குச் செய்வது அந்தப் போடியாரின் வயலை. வயல் போய்விடும் என்று ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தால் வாப்பாவே விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கியிருப்பார்கள். சொல்லாமல் கழுத்தை அறுத்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டில் வாப்பா ஒன்றுதான் கேட்டார்கள்.

"தம்பி என்ன சொன்னான்?"

"ஒண்டும் கதைக்கல்ல, வாப்பா."

"சொகமில்லாம இரிந்திரிப்பான்."

அன்று பின்னேரம் இருந்த வழக்கை முதன்முறையாகத் தள்ளிவைத்தார்கள். பிறகும் சாச்சாவோடு பேசினார்கள், சிரித்தார்கள். ஆனால் அவர் வீட்டில் கை நனைக்கவில்லை.

பெருவெள்ளம் வடிந்த பின் வந்த காய்ச்சல் வாப்பாவைக் கொண்டுபோனது. பாதையெல்லாம் உடைந்து கிடந்தபோது தோணியில் வந்து மருந்து தந்த வீரமுனை வைத்தியர் ஐயாவுக்கும், கஞ்சி காய்ச்சி அனுப்பிய அயலவருக்கும், வாப்பாவின் உடலைச் சந்தூக்கில் சுமந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இம்மலருக்குச் சாச்சாவும் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். வாப்பாவின் ஓதல், சட்ட அறிவு, நேர்மை எல்லாவற்றையும் அழகாக எழுதி, மேன்முறையீட்டுச் சபைக்கு இவரைவிடத் தகுதியானவர் கிழக்கில் இருக்கவில்லை என்று முடித்திருந்தார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள்.

"இதப் பள்ளியில சொல்லியிரிக்கணும், மகன். நமக்குத் தெரியாத கதையா? சாச்சாட்டயே திருப்பிக் கொண்டு குடுத்திடு."

கொடுத்துவிட்டேன்.