தம்பியின் ஆஸ்பத்திரிக்கு விழுந்த சைபர்

மாநகராட்சியில் முகத்துக்கு நேரே அவள் ‘மேடம்’. முதுகுக்குப் பின்னால் சைபர் அக்கா. வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் இந்த ஊர் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்று அளப்பதுதான் அவள் வேலை. பாலம், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து மார்க் போடுவாள். தாராளமான கை அல்ல அது. “இவங்ககிட்ட பாஸாகறதுக்கு மறுபிறவி எடுக்கணும்” என்று மற்றப் பிரிவுக்காரர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். மார்க் மட்டும் மாறாது.

அந்த வருடம் ஆற்றோரத்து ஆஸ்பத்திரியின் முறை. அதன் நிர்வாகி அவளுடைய கூடப்பிறந்த தம்பி; அப்பா அம்மா போன பிறகு அவள் வளர்த்து ஆளாக்கிய பிள்ளை. வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்டுப் பார்த்தாள்.

“பிரிவுல இருக்கறதே நீங்களும் நானும்தான். எனக்கு முட்டி வலி” என்று அவர் கைவிரித்துவிட்டார்.

தம்பி வாசலுக்கே வந்து அழைத்துப் போனான். புது வார்டு, புது லிஃப்ட் எல்லாம் பார்த்துவிட்டு, “ஜெனரேட்டர் எங்கடா?” என்றாள்.

“கீழ்த்தளத்துல. சத்தம் மேல வராது பாரு.”

இறங்கிப் பார்த்தாள். பழைய வெள்ளத்தின் கறை சுவரில் தோளுயரத்துக்கு இருந்தது. மேலே பெயின்ட் அடித்தும் மறையவில்லை. மின்சாரத்துக்கு சைபர் போட்டாள்.

“என்னக்கா இது? வெளியாளுகூட இப்படிப் பண்ண மாட்டான்.”

“தண்ணி அக்கா தம்பின்னு பாக்காதுடா.”

“நீயாவது பாக்கலாம்ல?”

விஷயம் பத்திரிகையில் வந்து சந்தி சிரித்தது. தம்பி பேச்சை நிறுத்திக்கொண்டான். அக்கா மகள் கல்யாணத்துக்கு வந்தான், சாப்பிட்டான், மாப்பிள்ளையோடு கை குலுக்கினான். அக்காவை மட்டும் தாண்டிப் போய்விட்டான். அவள் ஒரு மூலையில் நின்று அழுதாள்.

“ஒரு பத்து மார்க் போட்டிருந்தா குடியா முழுகிடும்?” என்றார் கணவர்.

“முழுகும்” என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

தம்பி ரோஷக்காரன். கிரேன் வைத்து ஜெனரேட்டரை முதல் மாடிக்கு ஏற்றினான். மறுபடி பார்க்க வந்தவளிடம், சுவரைப் பார்த்தபடி, “இப்ப நூறு போடலாம்ல, மேடம்?” என்றான். அந்த ‘மேடம்’ சுருக்கென்று தைத்தது.

“இதை ஓட்ட யாருக்குத் தெரியும்?”

“ஆபரேட்டருக்கு.”

“அவரால வர முடியலன்னா?”

வேறு யாருக்கும் அது தெரியாது. அறுபது போட்டாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, நர்ஸுகள் முதல் துணி துவைக்கும் அம்மாள் வரை எல்லோருக்கும் அதை இயக்கக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தான்.

அடுத்த மழைக்காலத்தில், ஒரு மதிய வேளையில் ஆறு கரையை உடைத்தது. ஊர் முழுக்கக் கரண்ட் போனது. ஆபரேட்டர் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். துணி துவைக்கும் அம்மாள்தான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஜெனரேட்டரை ஓடவிட்டாள். மூச்சுக்கருவியில் இருந்தவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை.

தண்ணீர் வடிந்ததும் அக்கா அங்கே ஓடினாள். தம்பி கீழ்த்தளத்தில், முழங்கால் சேற்றில் நின்றிருந்தான். ஜெனரேட்டர் காலி செய்த இடத்தில் மருந்துகளை அடுக்கியிருந்தார்கள். அத்தனையும் கூழாகிக் கிடந்தது. இன்சுலின் படகில் வந்து சேர்வதற்குள் நோயாளிகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

“போன தடவை இந்தப் பெட்டியெல்லாம் பாத்தேன்டா. எங்க ஆய்வுக் கேள்வியில மருந்தே இல்ல. அதனால எனக்கும் கேக்கத் தோணல.”

“நான் தினமும் பாத்தேன்க்கா. எனக்கு மட்டும் என்ன தோணுச்சு?”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். இருவருமாக நனைந்த பெட்டிகளை வெளியே தூக்கிப் போட்டார்கள்.

அடுத்த ஆய்வுக்கான கேள்விகளை அவள் தனியாக எழுதவில்லை. அன்றைக்கு அவதிப்பட்டவர்களை ஆஸ்பத்திரிக்கே வரவழைத்துக் கேட்டாள். முதலில் வந்தவள், அப்பாவுக்கு இன்சுலின் கிடைக்காமல் வார்டு வார்டாக அலைந்த ஒரு பெண். வந்தவள் நிறுத்தாமல் திட்டித் தீர்த்தாள். அக்காவும் தம்பியும் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்கள். திட்டி ஓய்ந்த பிறகு தம்பி அவளுக்கு டீ வாங்கி வந்து கொடுத்தான்.

“சரி, குடிதண்ணிக்கு என்ன ஏற்பாடு வச்சிருக்கீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல” என்றாள் அந்தப் பெண்.