கேட்டு வாங்கிய சோறு

பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய மொழியும் பண்பாடும் படிக்கப் போகிறேன் என்றதும் கடற்கரை ஊரான திரேஸ்புரத்தில் எங்கள் தெருவே சிரித்தது. "சப்பான்காரன் இங்கன வந்து உன்கிட்டப் பேசப் போறானாக்கும்?" என்றாள் எதிர்வீட்டு அத்தை. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர், ஜப்பான் துறைமுகங்களில் இறங்கி நடந்தவர். "படிக்கட்டும், சுத்தமான ஊரு" என்று நடுக்கடலிலிருந்து வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பினார். அவர் எந்த ஊரையும் அதன் கழிப்பறையை வைத்துத்தான் எடைபோடுவார்.

சென்னையில் விடுதியில் சேர்ந்தேன். அங்கேதான் என் வண்டவாளம் தெரிந்தது. எனக்குக் கேட்டு வாங்கித் தின்னத் தெரியாது. எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் "வேண்டாம்" என்றுதான் சொல்ல வேண்டும். அவர்கள் விடமாட்டார்கள். கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள். மறுபடியும் வேண்டாம் என்போம். அதற்குள் தட்டில் சோறு விழுந்திருக்கும். விடுதியில் பரிமாறுகிற அண்ணன் "இன்னும் வேணுமா?" என்று ஒரே தடவைதான் கேட்பார். நான் பழக்க தோஷத்தில் "வேண்டாம்" என்பேன். மனுஷர் அதை அப்படியே நம்பி அடுத்த மேசைக்குப் போய்விடுவார். முதல் வருடம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த அண்ணனின் வம்சத்தையே அம்மா திட்டித் தீர்த்தாள்.

அதனால் மூன்றாம் வருடம், ஒரு வருஷம் ஜப்பானில் போய்ப் படிக்க என்னைத் தேர்ந்தெடுத்தபோது, அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "முடியாது." செலவெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்றேன். அங்கே யாரையும் காதலிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யவும் தயாரானேன். அவள் கவலை அதெல்லாம் இல்லை. "மெட்ராஸ்லயே பட்டினி கெடந்தவ. அங்கன போனா எலும்பும் தோலுமா வருவ. கேக்க வாய் இருக்கா ஒனக்கு?" அப்பாவிடம் முறையிட்டால், "அம்மா சொன்னா சரிதான்" என்று கழன்றுகொண்டார். கப்பலில் இருக்கிற வசதி அது.

எங்கள் ஆசிரியை ஜப்பான்காரர். ஆசிரியரை சென்சே என்று கூப்பிடுவது அவர்கள் வழக்கம், நாங்களும் அப்படித்தான். என்னைவிடப் பத்து வயது மூத்திருந்தால் அதிகம். முத்து வளர்க்கும் கடற்கரையில் பிறந்தவர் என்பதால் முத்துக் குளித்த எங்கள் ஊரைப் பார்க்க அவருக்கு ரொம்ப நாளாக ஆசை. விடுமுறையில் வந்தார். காலையில் கொற்கைக்குக் கூட்டிப் போனேன். பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் என்று நானே வகுப்பில் பெருமை பீற்றியிருந்தேன். வாழைத்தோட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, "கடல் எங்கே?" என்று கேட்டார். "பின்வாங்கிப் போய்விட்டது" என்றேன். அவர் வாழைகளைப் பார்த்து மரியாதையாகக் குனிந்து வணங்கினார். சிரிக்காமல் நிற்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. சென்சே அம்மாவிடம் பேசி மனசைக் கரைத்துவிடுவார் என்பது என் கணக்கு. சீலா மீன் குழம்பு, வறுவல், கணவாய்த் தொக்கு, இறால் என்று அம்மா குசினியையே மேசைக்குக் கொண்டுவந்திருந்தாள். சென்சே கைகூப்பி, சாப்பிடும் முன் சொல்லும் வார்த்தையைச் சொல்லி, கையால் பிசைந்து, ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தார். தட்டு பளபளத்தது. அம்மாவின் முகமும்தான். "பாரு, எவ்வளவு பசியோட வந்திருக்காவ" என்று இன்னொரு கரண்டி சோறும் இரண்டு துண்டு மீனும் வைத்தாள். சென்சே கொஞ்சம் திகைத்தார், அதையும் வழித்துத் தின்றார். அம்மா மறுபடி வைத்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வகுப்பில் படித்ததுதான். அவர்கள் ஊரில் கிண்ணத்தைச் சுத்தமாகக் காலி செய்தால் வயிறு நிறைந்துவிட்டது, போதும் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் தட்டு காலியாக இருந்தால் பரிமாறுகிறவளுக்கு அவமானம். போதும் என்றால் தட்டுக்குக் குறுக்கே கையை வைத்து மறைக்க வேண்டும். "கொஞ்சம் மீதி வைத்துவிட்டுக் கையைக் குறுக்கே வையுங்கள்" என்று ஜப்பானிய மொழியில் கெஞ்சினேன். "அம்மா வருத்தப்படுவாரே" என்று மூச்சுவாங்கிக்கொண்டே சொன்னார் சென்சே, நெற்றியெல்லாம் வியர்வை. அதற்குள் இன்னொரு மீன் விழுந்தது. கடைசியில் நானே எழுந்து போய் அம்மாவின் கரண்டியைப் பிடித்தேன்.

என்னை அனுப்பச் சொல்லி ஒரு வார்த்தை பேசக்கூட சென்சேயால் முடியவில்லை. ஃபேனுக்குக் கீழே கட்டிலில் சாய்ந்துவிட்டார். குசினியில் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அட பாவமே, போதும்னு தட்ட வழிச்சுக் காட்டுனவுகளுக்கா நான் வச்சுக்கிட்டே இருந்தேன்?" என்று தலையில் கைவைத்தாள். அடுத்த நொடி முகம் மாறியது.

"அப்போ அங்கன ஒன் தட்டு காலியாக் கெடந்தா, யாரும் வந்து வைக்க மாட்டாவ. அப்படித்தானே?"

என் வாயாலேயே என் பயணத்தைக் கெடுத்துக்கொண்டேன் என்று அழுகை வந்தது. அவள் பார்க்காமலிருக்கப் பாத்திரம் கழுவப் போனேன்.

சாயங்காலம் சென்சே எழுந்ததும் அம்மா சுக்குக் காப்பி கொடுத்தாள். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என்னிடம் சொன்னாள்: "கேளு. அவுக ஊர்ல வயிறு நெறையலேன்னா என்ன செய்வாவ?"

நான் கேட்டேன். சென்சே காப்பி டம்ளரை வைத்துவிட்டு, இல்லாத கிண்ணம் ஒன்றை இரண்டு கையாலும் நீட்டிக் காட்டினார். "ஒகாவரி" என்றார். இன்னும் ஒரு தடவை போடுங்கள் என்று பொருள். ஒரு வாய் சோறு கிண்ணத்தில் மிச்சம் வைத்துவிட்டு நீட்டுவார்களாம்.

"தப்பா நெனைக்க மாட்டாவளா?"

"சமைத்தவருக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை" என்றார் சென்சே. நான் தமிழில் சொன்னேன். அம்மா எழுந்து குசினிக்குள் போனாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். சென்சேக்கு ரசமும் ஒரு பிடி சோறும்தான். என் தட்டில் அம்மா அதைவிடக் குறைவாக வைத்தாள். தின்றேன். அவள் கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறந்ததிலிருந்து என் தட்டு காலியாகும்போது சும்மா நிற்காதவள். எனக்கு விளங்கிவிட்டது. ஒரு வாய்ச் சோற்றை ஓரத்தில் ஒதுக்கி, தட்டை இரண்டு கையாலும் நீட்டினேன். என் வீடு, என் அம்மா, ஆனாலும் காது சுட்டது.

"ஒகாவரி."

"காது கேக்கல."

"ஒகாவரி!" என்றேன் சத்தமாக. சென்சே கைதட்டினார். அம்மாவுக்குக் கண் கலங்கியது. சோற்றை அள்ளி வைத்துவிட்டு, போனை எடுத்து அப்பாவுக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பினாள்: "இந்தாருங்க, இவ கேட்டு வாங்கித் திங்கா. போயிட்டு வரட்டும்."

போனைக் கீழே வைத்த கையோடு, இன்னொரு கரண்டி அள்ளி என் தட்டில் போட்டாள். அதை நான் கேட்கவில்லை. கையைக் குறுக்கே வைக்கவும் இல்லை.