நங்கூரம் போட்ட இருபதாம் நாள்

கைபேசியை மூக்குக்கு நேரே பிடித்து, இரண்டு விரலால் கடலைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திரை முழுக்க நீலம். அதில் அரிசி அளவுக்கு ஒரு பச்சைப் புள்ளி. அதுதான் கப்பல். "அசையவே இல்லைங்க. நேத்து எங்க நின்னுச்சோ அங்கயேதான் நிக்குது" என்கிறார். என்னிடம் சொல்வதாக நினைக்க வேண்டாம். புள்ளியிடம்தான் சொல்கிறார்.

எங்கள் பம்பு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவு அவர் பொறுப்பு. வயது ஐம்பத்து மூன்று. எந்தச் சாமான் எந்தக் கப்பலில் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார் என்பதால் எல்லோருக்கும் அவர் 'கேப்டன்'. உண்மையில் படகில்கூட ஏறியதில்லை. ஏரியைப் பார்த்தாலே அவருக்குக் குமட்டும் என்று அவர் மனைவியே எங்களிடம் போட்டுக்கொடுத்திருக்கிறார். சட்டைப் பையில் ஒரு ரப்பர் வளையம் எப்போதும் இருக்கும். பேசும்போது அதைக் கட்டைவிரலில் மாட்டுவார், கழற்றுவார், மறுபடி மாட்டுவார்.

எங்கள் எல்லோர் பிழைப்பும் இப்போது அந்த வளையத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. பம்புக்குள் தண்ணீர் கசியாமல் தடுப்பது அது. விலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். அது இல்லாவிட்டால் பம்பு வெறும் இரும்பு. கடல் தாண்டி ஒரே ஒரு கம்பெனிதான் எங்களுக்கு அதைச் செய்து அனுப்புகிறது. முன்பெல்லாம் நாற்பத்தைந்து நாளுக்குத் தேவையான வளையங்கள் கிடங்கில் இருக்கும். "சும்மா தூங்குற சரக்குக்கு எதுக்குங்க இவ்வளவு இடம்?" என்று கேட்டு, அதை ஒன்பது நாளாகக் குறைத்தவர் இவரேதான். இரண்டு வருடம் கப்பல்கள் சொன்ன நாளில் வந்தன. லாபம் ஏறியது, பங்கு விலை ஏறியது. ஆண்டு விழாவில் இவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். நானும் கை தட்டினேன், பலமாகவே தட்டினேன்.

இப்போது துறைமுகத்தில் சரக்கு இறக்குபவர்கள் வேலைநிறுத்தம். கப்பல் வெளியே நங்கூரம் போட்டு இன்று இருபதாம் நாள். கையிருப்பு தீர்ந்து பதினொரு நாளாகிறது. விமானத்தில் அனுப்பச் சொல்லி அவர் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. அங்கே தயார் சரக்கே கிடையாதாம். புதிதாகச் செய்ய மூன்று வாரம் ஆகுமாம். வளையம் இல்லாத ஆறாயிரம் பம்புகள் முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கின்றன. மாதமும் காலாண்டும் முடிய நான்கு நாள். அதற்குள் அவை லாரி ஏறாவிட்டால் இந்தக் காலாண்டு விற்பனையில் சேராது. லாபம் சரியும், அது வெளியே தெரிகிற அன்றைக்கே பங்கு விலையும் சரியும்.

வெளியே இன்னும் யாருக்கும் தெரியாது. உள்ளே இருக்கும் எங்களுக்குத் தெரியும். தெரிந்தவர்கள் பங்குகளை விற்கக் கூடாது, வெளியே மூச்சுவிடவும் கூடாது என்று நிர்வாகம் எங்களிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறது. தாளில் முதல் கையெழுத்து கேப்டனுடையது.

இங்கேதான் அத்தான் வருகிறார். கேப்டனுடைய அக்காவின் கணவர், பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். இரட்டை ஷிஃப்ட் பார்த்து இவரைப் படிக்கவைத்தவரும் அவர்தான். ஓய்வுப் பணத்தில் முக்கால்வாசியை எங்கள் கம்பெனிப் பங்கில் போட்டிருக்கிறார். யோசனை சொன்னது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

ஒரு வாரமாக அத்தான் ஃபோன் செய்துகொண்டே இருக்கிறார். "மீட்டிங்ல இருக்கேன் அத்தான்" என்று காலி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு சொல்கிறார் இவர். பொய் சொன்னால் காது சிவந்துவிடும். பார்க்க எனக்கு எரிச்சலாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது. "சொல்லித் தொலைங்களேன், யாருக்குத் தெரியப்போகுது?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அவர் விக்கணும்னா யாராவது வாங்கணும்ல? அவனும் யாருக்காவது அத்தானா இருப்பான்ல?" என்றார்.

இன்று மத்தியானம் அத்தான் நேரிலேயே வந்துவிட்டார். "நீங்களும் வாங்க. தனியா இருந்தா உளறிடுவேன்" என்று கேப்டன் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மாடியில் பார்வையாளர் அறையில், மடியில் ஒரு பைலை வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார் பெரியவர்.

"அக்கா எப்படி இருக்காங்க?"

"முழங்கால் ரொம்ப மோசம். ஆபரேஷனுக்கு அடுத்த மாசம் நாள் குறிச்சாச்சு. அதுக்கும் இந்தப் பங்கைத்தான் நம்பியிருக்கேன். மாப்ளே, வச்சிருக்கவா, வித்துடவா?"

"அதை மட்டும் கேக்காதீங்க அத்தான். கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நீ வாயையே திறக்க வேணாம்ப்பா. விக்கணும்னா தலையை ஆட்டு. வச்சிருக்கலாம்னா சும்மா இரு. நான் பாட்டுக்குப் போயிடுறேன்."

தலையை ஆட்டினால் கொடுத்த வாக்கு போயிற்று. சும்மா இருந்தால் வைத்திருக்கச் சொன்னதாக ஆகிவிடும்; அது பச்சைப் பொய். பெரியவர் கண் கொட்டாமல் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி ஓடியும் கேப்டனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"மாப்ளே..."

"ரெண்டும் இல்ல அத்தான். என் முகத்துல எதையும் தேடாதீங்க" என்று கேப்டன் எழுந்தார். நேரே மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். பெரியவர் கொஞ்ச நேரம் அந்த முதுகைப் பார்த்தார். பிறகு பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். கீழே வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"போயிட்டார்" என்றேன்.

கேப்டன் திரும்பவில்லை. நெற்றியைச் சுவரோடு அழுத்தி, தலை ஒரு பக்கமும் அசைந்துவிடாதபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார்.