நான்கு மடிப்பு மல் துணி

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: அரிசி மில் முதலாளி. அவர் மனைவி. வானகரத்திலிருந்து வந்த முதலாளியின் மச்சான். பட்டாளத்துத் துரை ஒருவர். துரையின் மனைவி. கண்ணாடித் தொட்டிக்குப் பக்கத்தில் கைகட்டிக்கொண்டு நான். கொல்லையில் குடம் சுமந்த பெண்ணையும் சேர்க்க வேண்டும். அவள் கூடத்துக்குள் வரக் கூடாதவள்.

யுத்த காலம். பூந்தமல்லிக்கு இந்தப் பக்கம், பாரிவாக்கம் போகிற வழியில் அந்த வீடு. நான் கொத்து வேலைக்காரன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கூடத்துச் சுவரோடு பன்னிரண்டடி நீளத்துக்குச் சிமெண்டுத் தொட்டி கட்டி, முன்பக்கம் தடித்த கண்ணாடி பதித்தது நான்தான். கட்டி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளவும் என்னையே வைத்துக்கொண்டார்கள். ஏரி மீனும் பட்டணத்துச் சிவப்பு மீனுமாக முதலாளி அளவுக்கு மீறி விட்டிருந்தார்.

அத்தனை மீனுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் மூச்சு முட்டும். அதற்காகக் கொல்லையில் உயரத்தில் ஒரு மேல்தொட்டி கட்டினேன். அந்தப் பெண் தோட்டக் கிணற்றில் இறைத்து, பதினோரு படி ஏறி அதில் ஊற்றுவாள். அவள் புருஷன் இருமலில் படுத்த படுக்கை. இந்த வீட்டில் அளந்து போடும் நெல்தான் அவர்கள் சோறு. மேல்தொட்டித் தண்ணீர் ஒரு வடிபெட்டி வழியாக இறங்கி மீனுக்கு வரும். பெட்டியில் அடியில் கூழாங்கல், அதன்மேல் ஆற்று மணல், மேலே அடுப்புக்கரி.

மீன்கள் நன்றாக இருந்தன. தண்ணீர்தான் தெளியவில்லை. எங்கள் பக்கத்துக் களிமண் மாவு மாதிரி. மணலுக்குள் புகுந்து வந்துவிடும்.

"இன்னா மச்சான், மீனுக்குக் காப்பி ஊத்தி வெச்சிகீறியா?" என்றார் வானகரத்துக்காரர்.

முதலாளி முகம் சுருங்கிவிட்டது. என்னைக் கூப்பிட்டார். "நாலு நாள்ல துரை வர்றாரு. மீன் காத்துல நீந்துற மாதிரி தெரியணும்."

எனக்கு இரண்டு வழி தெரிந்தது. மணலை மாவுச் சல்லடையில் சலித்து இரண்டடி கனத்துக்குப் போடலாம். அது படிந்து தெளிய வாரக்கணக்கில் ஆகும். இல்லையென்றால் துணி. முதலாளியின் மனைவியிடம் மல் துணி கேட்டு வாங்கினேன். வடிபெட்டியிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயில் போட்டுப் பார்த்தேன். ஒரு மடிப்பில் மங்கலாக வந்தது. இரண்டில் கொஞ்சம் தேவலை. நான்கு மடிப்பில் பளிங்கு.

குடம் சுமந்த பெண் படியில் நின்று பார்த்தாள். "மேஸ்திரி, நாங்க ஏரித் தண்ணிய வடிகட்டித்தான் குடிக்கிறோம். துணி மெலிசா கீற வரைக்கும் எறங்கும். கெட்டியா மடிச்சா சேறு அப்பிகினு ஒரு சொட்டு எறங்காது."

"படி ஏறத்தான் உன்ன வெச்சிகீது. எனக்குப் பாடம் சொல்லவா?"

"நான் சொல்லல சாமி. மீனு சொல்லும்," என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

அவள் சொன்னது சரி. அன்று மாலையே தெரிந்துவிட்டது. மூன்று நாளும் வேளைக்கு ஒரு தரம் துணியை உருவி, அலசி, திரும்பப் போட்டேன். உருவும்போது ஒட்டிய சேறு கொஞ்சம் கீழே இறங்கும். தொட்டி ஒரு நாழிகை கலங்கித் தெளியும். யாரிடமும் சொல்லவில்லை.

துரை வந்த அன்று அலச நேரம் வாய்க்கவில்லை. அதிகாலையில் போட்ட துணி. பத்து மணிக்கு வந்தவர்கள் சாப்பாட்டுக்கும் இருந்துவிட்டார்கள். தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. முதலாளி எல்லோர் முன்னாலும் என் தோளில் கை வைத்தார். "நம்ம மேஸ்திரி கைவேலை." என் தோளில் அதுவரை அப்படி யாரும் கை வைத்ததில்லை.

அப்போது பார்த்தேன். விரல் கனத்துக்கு விழுந்த தண்ணீர் நூலாகிவிட்டது. கொல்லைக்குப் போனேன். மேல்தொட்டி வழிந்து படியெல்லாம் ஓடியது. அவள் இடுப்புவரை நனைந்திருந்தாள்.

"வழியுது மேஸ்திரி. துணிய எடுங்க."

"ஊத்து. நிறுத்தாத."

"எங்க ஊத்த? அதான் குடிக்க மாட்டேங்குதே."

"ஊத்துன்னா ஊத்து."

துணியை எடுத்தால் துரை முன்னால் கலங்கும். அதனால் எடுக்கவில்லை. திரும்பக் கூடத்துக்கு வந்து நின்றுகொண்டேன்.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. துரையின் மனைவி கைதட்டினாள். வானகரத்துக்காரர், "பாரு, வெள்ளக்கார அம்மாவப் பாத்து வாயப் பொளந்துகினு நிக்குது. எங்க மச்சான் மாதிரியே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர்கள் வண்டி ஏறியதும் ஓடிப்போய்த் துணியை உருவினேன். தோல் மாதிரி இருந்தது. மாலைக்குள் முக்கால்வாசி மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. அலசிய துணியை என் மடியில் செருகியிருந்தேன்.

"இன்னாடா ஆச்சு?" என்றார் முதலாளி.

"அந்தப் பொம்பள தண்ணி சரியா ஊத்தல, முதலாளி."

அவ்வளவுதான் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

கொல்லைக் கதவுக்கு வெளியே இருந்து அவள் குரல் வந்தது. "ஊத்தினேன் சாமி. வழிஞ்சி ஓடிச்சி. மேஸ்திரி பாத்தாரு. கேளுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார். அவள் குடத்தைக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்தாள். "நீயுமா மேஸ்திரி," என்று மட்டும் கேட்டாள். வரப்பு வழியாகப் போய்விட்டாள்.

அவள் வீடு எனக்குத் தெரியும். போகவில்லை. அந்த மழைக்காலத்தில் அவள் புருஷன் செத்துப்போனதாகக் கேள்விப்பட்டேன். அப்போதும் போகவில்லை.

அவளை அனுப்பிய மறுநாள் காலை, மிஞ்சிய மீனுக்கு நானே தண்ணீர் சுமந்தேன். நாலாவது குடத்துக்கே மூச்சு வாங்கியது. மேல்படியில் உட்கார்ந்தேன். பக்கத்துச் சுவரில், தண்ணீர் படாத இடத்தில், கரிக்கோடுகள். அவளுக்கு எழுத்து தெரியாது. குடத்துக்கு ஒரு கோடு இழுத்து, பொழுது சாய்ந்ததும் அழித்துவிட்டுப் போவாள். முந்தின நாள் அழிக்க அவளை யாரும் விடவில்லை. ஒரு நாளைக்கு அறுபது குடம் என்பது முதலாளி வைத்த அளவு.

ஈரத்துணியால் அந்தக் கோடுகளைத் துடைத்தேன். துடைக்கும் முன் இரண்டு தரம் எண்ணினேன்.

தொண்ணூற்று நான்கு.